'செவரல்' என்றால் பல பேர் இல்லை

போன மாதம் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் வங்கியின் வக்கீல் நோட்டீஸ். மச்சான் வாங்கிய எட்டு லட்சம் கடனுக்கு இவரும் இன்னொரு உறவினரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மச்சான் கட்டவில்லை. "ரெண்டு பேர் போட்டோம், எனக்குப் பாதிதானே சார்?" என்றார்.

ஒப்பந்த நகலைப் புரட்டினேன். எதிர்பார்த்தபடி 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று இருந்தது. அந்த வரியை அவரும் படித்திருக்கிறார். 'செவரல்' என்றால் 'பல' என்று பள்ளியில் படித்ததை வைத்து, பல பேரும் சேர்ந்து பொறுப்பு, ஆளுக்குக் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இன்றைய ஆங்கிலம் அறிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

அந்தச் சொல்லின் பழைய பொருள் 'தனியான'. 'செபரேட்' என்ற சொல்லும், வெட்டிப் பிரிப்பதைச் சொல்லும் 'செவர்' என்ற சொல்லும் அதே லத்தீன் வேரில் வந்தவை. தனித்தனியானவை என்பது வெவ்வேறானவை ஆகி, பேச்சு வழக்கில் கடைசியில் 'பல' என்று நின்றுவிட்டது. சட்ட ஆங்கிலம் மட்டும் பழைய பொருளை விடவில்லை. ஆக, 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று அர்த்தம். முழுப் பாக்கியையும் இவர் ஒருவரிடமே கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவும் கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு என்கிறது.

'மார்ட்கேஜ்' என்பதும் இப்படி ஒரு பழைய சொல்தான். பழைய பிரெஞ்சில் 'செத்த அடமானம்' என்று பொருள். பணம் கட்டாவிட்டால் கடன் வாங்கியவருக்கு நிலம் செத்தது, கட்டிவிட்டால் கொடுத்தவருக்குச் செத்தது என்று 17-ஆம் நூற்றாண்டு நீதிபதி எட்வர்ட் கோக் விளக்கம் சொன்னார். அந்தச் சொல்லைக் கண்டால் நம் ஆட்கள் உஷாராகிவிடுகிறார்கள். 'செவரலி' சாதுவாகத் தெரிவதால்தான் எனக்குக் கவலை.

ஜாமீன் போடுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும் என்று அதே 128-ஆவது பிரிவு இடம் தருகிறது. 'என் பொறுப்பு இத்தனை ரூபாய் வரைதான்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வங்கி மறுத்தால், அப்புறம் முழுத் தொகையையும் மனதில் வைத்து முடிவெடுங்கள்.

பெரியவர் சொன்ன 'பாதி' முழுக்கத் தப்பில்லை. ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கிட வேண்டும் என்று 146-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் தன் பங்குக்கு மேல் கட்டிவிட்டு, அந்த உறவினரிடம் இவர்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த உறவினருக்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸை, இந்த முறை தமிழிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.