மொசைக் நோய்: தமிழில் தேமல்

பூச்செடியின் இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து தெரிவதை ‘மொசைக்’ என்கிறோம். இதற்குத் தமிழில் சரியான சொல் தேமல். உளுந்துக்கும் மரவள்ளிக்கும் வேளாண் கையேடுகள் இந்தச் சொல்லைத்தான் எழுதுகின்றன. ‘மஞ்சள் தேமல் நோய்’ என்றால் விவசாயிக்கு உடனே புரியும். பூந்தோட்டம் பற்றி எழுதுவோர் மட்டும் ஏனோ மொசைக் என்றே விட்டுவிடுகிறார்கள்.

மொசைக் என்ற சொல்லின் வேர் கிரேக்கம். அங்கே ‘மூசா’ என்பது கலைகளுக்கு உரிய தேவதை. இடைக்கால லத்தீனில் அது ‘மூசைக்கும்’ ஆகி, வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்யும் ஓவியத்தைக் குறித்தது. பிறகு இத்தாலியம், பிரெஞ்சு வழியாக மற்ற மொழிகளுக்குப் பரவியது. வீட்டுத் தரைக்கு நாம் சொல்லும் மொசைக்கும் இதுவே. இதை நோய்ப் பெயராக்கியவர் நெதர்லாந்தில் பணிபுரிந்த அடோல்ஃப் மேயர். புகையிலை இலைகளில் கண்ட திட்டுகளுக்கு 1886-இல் அவர் ‘மொசைக் நோய்’ என்று பெயரிட்டார். நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடியில் ஏற்றினால் அதுவும் நோயுறுகிறது என்பதையும் காட்டினார். நோய்க்குக் காரணம் அப்போது தெரியாது. கண்ணில் பட்டதை வைத்துச் சூட்டிய பெயர்தான் அது.

தேமலும் அப்படிக் கண்ணில் படுவதைச் சொல்லும் சொல்தான். இன்று தோலில் படரும் நிறமாறிய திட்டுக்கு அந்தப் பெயர். பழைய இலக்கியத்தில் பெண்ணின் மேனியழகாகப் பாடப்படும் ‘சுணங்கு’ என்ற சொல்லுக்கும் உரைகாரர்கள் ‘தேமல்’ என்றே பொருள் எழுதினார்கள். ஆக, ஒரே சொல் அழகுக்கும் நோய்க்கும் பொதுவாக இருக்கிறது. சில்லுப் பதிப்பில் ஒவ்வொரு துண்டின் ஓரமும் தெளிவாக இருக்கும். இலைத் திட்டுகளில் பெரும்பாலும் ஒரு நிறம் மற்றதில் கரைந்து போகும். அதனால் மூலச்சொல்லைவிடத் தேமலே பொருந்துகிறது என்பேன். ஓரம் தெளிந்த திட்டையும் மங்கிய திட்டையும் நூல்கள் இரண்டு பெயரிட்டுப் பிரிக்கின்றன. தோட்டத்தில் அந்தப் பிரிவினையால் செய்யவேண்டிய வேலை மாறுவதில்லை.

பிரித்துச் சொல்லவேண்டியவை வேறு உண்டு. வளையம் வளையமாக வந்தால் வளையப்புள்ளி. நரம்பு மட்டும் நிறம் இழந்தால் நரம்பு வெளிறல். கல்வாழை, லில்லி, கிளாடியோலஸ் போன்றவற்றில் நரம்புகள் இணையாக ஓடுவதால் திட்டுகள் நீண்டுவிடும். அதைக் கீற்று என்பது சரி. இதழில் ஒரே நிறம் உடைந்து கோடும் தீற்றலுமாக மாறுவதை ‘நிற முறிவு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். ‘இதழ் வரியோடுதல்’ என்றால் இன்னும் இயல்பாக இருக்கும்.

வரியோடிய பூவுக்குப் பெயர்போனது துலிப். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மிக அதிக விலை கொடுத்து வாங்கியவை இப்படி வரியோடிய கிழங்குகள்தான். அந்தச் சந்தை 1637-இல் சரிந்தது. இதழ் வரியோடுவது ஒரு தொற்று என்பதை 1928-இல் ஆங்கிலேய ஆய்வாளர் டோரதி கேலி கிழங்குகளை ஒட்டுக்கட்டி மெய்ப்பித்தார். துலிப் இதழின் அடிநிறம் வெள்ளையோ மஞ்சளோதான். சிவப்பும் ஊதாவும் அதன்மேல் படியும் ஆந்தோசயனின் என்ற நிறமி. வைரஸ் இந்த மேல்நிறத்தைச் சில இடங்களில் உருவாகவிடாது, சில இடங்களில் அடர்த்தியாக்கும். மேல்நிறமே இல்லாத தூய வெள்ளை, தூய மஞ்சள் வகைகளின் பூவில் வரி தெரியாது. எனவே தொற்று இருந்தும் கண்ணுக்குத் தப்பும் வகைகள் இவை.

‘வைரஸ்’ என்பதற்கு லத்தீனில் நஞ்சு, பிசுபிசுத்த நீர் என்று பொருள். வடமொழி ‘விஷ’த்துக்கும் அதற்கும் வேர் ஒன்று, நம் ‘விடம்’ அங்கிருந்து வந்ததே. 1892-இல் ரஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில், தேமல் கண்ட புகையிலையின் சாற்றைச் செலுத்தினார். வடிந்த சாறும் நோய் பரப்பியது. 1898-இல் டச்சு அறிஞர் பெயரிங்க், நோய் பரப்பும் அந்தப் பொருளுக்கு வைரஸ் என்ற பெயரைக் கொடுத்தார். தமிழில் நச்சுயிரி, தீநுண்மி இரண்டும் வழங்குகின்றன. செடிக்கு வெளியே தானாகப் பெருகாத ஒன்றை ‘உயிரி’ என்பது சற்று நெருடும். தீநுண்மியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் வேளாண் நூல்களில் நச்சுயிரி வேரூன்றிவிட்டது.

தேமல் ஓர் அறிகுறியின் பெயர். காரணத்தின் பெயர் அல்ல. இலை வெளிறினாலே தேமல் என்று செடியைப் பிடுங்கிவிடக்கூடாது. இரும்புச்சத்துக் குறைந்தால் இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலை முழுதாக வெளுக்கும். தேமலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: ஒரு பாதியில் நான்கு திட்டு, மறுபாதியில் ஒன்று, அந்த ஒன்றின் மேல் இலைப்பரப்பு லேசாகப் புடைத்து நெளிந்திருக்கும். கடும் வெயில் காலத்தில் அறிகுறி மறைந்துவிடக்கூடும் என்பதால், இதமான பருவத்தில் வரும் தளிரைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. எந்த வைரஸ் என்று இலையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதற்கு இலைச்சாற்றில் வைரஸைக் கண்டறியும் சோதனைப் பட்டையோ, ஆய்வகத்தில் செய்யும் எலைசா பரிசோதனையோ வேண்டும்.

எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்ள வேண்டிய காரணம், ஒவ்வொன்றும் பரவும் வழி வேறு. துலிப், லில்லி, டேலியா ஆகியவற்றின் தேமலை அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி பரப்புகிறது. துலிப், லில்லி வைரஸ்களை அது நோயுற்ற செடியில் சில நொடி உறிஞ்சினாலே எடுத்துக்கொள்ளும், அடுத்த செடியில் சில நொடியில் இறக்கிவிடும். பூச்சிமருந்து அசுவினியைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். மருந்தடித்தும் நோய் நிற்கவில்லை என்ற புலம்பலின் காரணம் இதுதான். இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற பூச்சி பரப்பும் தக்காளிப் புள்ளிவாடல் வைரஸ் நேர்மாறு: இளம்பருவத்தில் உறிஞ்சிய பேன்தான் வளர்ந்தபின் ஆயுள் முழுதும் பரப்பும். அங்கே பேனைக் கட்டுப்படுத்துவதில் பலன் உண்டு. ஆர்க்கிடைத் தாக்கும் சிம்பிடியம் தேமல் வைரஸுக்குப் பூச்சியே தேவையில்லை. கத்தி, பழைய தொட்டி, கை போதும்.

பெட்டூனியாவில் வரும் புகையிலைத் தேமல் வைரஸும் கை, கருவி வழியாகப் பரவுவதே. அது மிகக் கெட்டியானது. காய்ந்த இலைச்சருகிலும் பல ஆண்டுகள் வீரியம் குறையாது. புகையிலையைத் தொட்ட கையோடு செடியைத் தொடக்கூடாது என்பது இதனால்தான். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தால் இந்த வைரஸ் போகாது. கொழுப்பு நீக்கிய பால்பொடி 20 கிராமை 100 மில்லி நீரில் கரைத்து அதில் நனைக்கலாம். பாலின் புரதம் வைரஸை முடக்குகிறது. அல்லது வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு. இதை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். மண்ணும் சாறும் சேர்ந்தால் ப்ளீச்சின் வீரியம் போய்விடும். ஆகவே முதலில் கத்தியைக் கழுவி, பிறகு முக்குங்கள். ப்ளீச் இரும்பை அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசி எண்ணெய் தடவவேண்டும். இரண்டு கத்திகள் இருந்தால் ஒன்று ஊறும்போது மற்றதில் வேலை பார்க்கலாம்.

நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை. பிடுங்கும் முன் அசுவினி இருந்தால் சோப்புநீர் தெளித்துக் கொல்லுங்கள். அப்படியே உலுக்கினால் பூச்சி பக்கத்துச் செடிக்குப் போய்விடும். பிறகு வேரோடும் கிழங்கோடும் எடுத்து, அங்கேயே பையில் கட்டிவிடுங்கள். டேலியாவில் தண்டை மட்டும் வெட்டிக் கிழங்கை விட்டுவைத்தால், அடுத்த பருவத்துத் தளிரும் தேமலோடு வரும். புகையிலைத் தேமல் கண்ட செடியை மக்குக்குழியில் போடாதீர்கள். விதை வழியே கடத்தப்படும் வைரஸ்கள் குறைவு என்பதால், விதையிலிருந்து வரும் பூச்செடிகளில் புதுவிதை போட்டுத் தொடங்குவது எளிது. கிழங்கு, தண்டுக்குச்சி, ஒட்டு வழியாகப் பெருக்குபவற்றில்தான் நோய் தலைமுறை தலைமுறையாகத் தங்குகிறது.

அருமையான வகையை இழக்க மனமில்லை என்றால் ஆய்வகத்தில் ஒரு வழி உண்டு. வளரும் நுனியின் உச்சியில் சாறு கடத்தும் குழாய்கள் இன்னும் உருவாகியிருக்காது. வைரஸ் அங்கே அரிதாகவே எட்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த நுனியை வெட்டித் திசு வளர்ப்பில் வளர்ப்பார்கள். 1952-இல் மோரெல், மார்த்தேன் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் இம்முறையில் நோயற்ற செடியை மீட்டது டேலியாவில்தான். நுனியைப் பெரிதாக வெட்டினால் பிழைப்பது எளிது, ஆனால் வைரஸும் கூடவே வரும்.

ரோஜாவுக்கு மட்டும் இவ்வளவு கடுமை வேண்டாம். ரோஜாத் தேமல் பெரும்பாலும் ஒட்டுக்கட்டும்போது வேர்ச்செடியிலிருந்தோ ஒட்டுமொட்டிலிருந்தோ வருகிறது. கவாத்துக் கத்தரியால் பரவுவதில்லை. இலையில் மஞ்சள் நெளிகோடு தெரிந்தாலும் செடி நன்றாகப் பூத்தால் அப்படியே இருக்கட்டும். அதிலிருந்து மொட்டெடுத்து ஒட்டுக் கட்டாதீர்கள், குச்சியும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.