ஆர்.சி. காருக்கு மாற்று ஆர்ம்: ஒடிந்த இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோடையில் நீர் வற்றிய ஏரிப் படுகைகளும் கேழ்வரகு அறுத்த கொல்லைகளும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ரேடியோ கட்டுப்பாட்டுக் கார் (ஆர்.சி. கார்) ஓட்டுவோருக்குக் காசில்லாமல் கிடைக்கும் மைதானங்கள். இந்தப் பக்கத்து மண்ணின் இயல்பும் தெரிந்ததுதான்: மேலே ஒரு சாண் செம்மண் இருக்கும், அதில் பாதி புதைந்தபடி கருங்கல் இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1:10 அளவுக் காரின் முன்சக்கரம் அத்தகைய கல்லில் மோதினால், பெரும்பாலும் முதலில் ஒடிவது சக்கரத்தைச் சேஸிஸுடன், அதாவது காரின் அடித்தளச் சட்டத்துடன், இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்தான். ஒடிந்தவுடன் எழும் கேள்வியும் ஏறத்தாழ ஒன்றுதான்: அதே பிளாஸ்டிக் ஆர்மை மறுபடி வாங்குவதா, பளபளக்கும் அலுமினிய ஆர்முக்கு மாறுவதா? ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. ஆர்ம் ஒடியாமல் நின்றிருந்தால், அந்த அடி எங்கே போய் இறங்கியிருக்கும்?

ஆர்ம் பார்வைக்கு எளிய உறுப்பு. அதன் உள்முனையில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே செல்லும் ஹிஞ்ச் பின் என்ற மெல்லிய எஃகுத் தண்டின் இரு முனைகளும் சேஸிஸின் மேல் பொருத்தப்பட்ட பல்க்ஹெட் என்ற தாங்கியில் அமர்கின்றன. வெளிமுனையில் சக்கர அச்சைத் தாங்கும் ஹப் இணைகிறது. இரண்டுக்கும் இடையில் ஷாக் அப்சார்பரின் அடிமுனையைப் பூட்டும் துளை இருக்கிறது. எனவே சக்கரத்தில் விழும் அடி ஆர்ம், ஹிஞ்ச் பின், பல்க்ஹெட், சேஸிஸ் என்ற வரிசையில் உள்ளே செல்கிறது. அதில் ஒரு பங்கு ஷாக் வழியாக மேலேறி, அதன் மேல்முனையைப் பிடித்திருக்கும் ஷாக் டவரைச் சேர்கிறது. இந்த வரிசையில் விலை குறைந்ததும், நான்கைந்து ஸ்குரூக்களைக் கழற்றினாலே மாற்றக்கூடியதும் ஆர்ம்தான். பல்க்ஹெட் உடைந்தால் பல வண்டிகளில் கியர் பாக்ஸ் வரை பிரித்தாக வேண்டும்.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 90 ஜூல். கல்லில் மோதும் நொடியில் இதில் ஒரு பங்கு சக்கரத்தின் வழியாக ஆர்முக்குள் பாய்கிறது. அந்த ஆற்றலை உறுப்பு வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு அதிகம் வளைந்து கொடுக்கிறதோ, அவ்வளவு நீண்ட தூரத்தில் ஆற்றல் செலவாகி உச்ச விசை குறைகிறது. கணக்கு இதுதான்: ஆற்றல் மாறாமல் இருக்க, விறைப்பு நான்கு மடங்கானால் உச்ச விசை இரண்டு மடங்காகும். விசை, விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி உயர்கிறது. பிளாஸ்டிக் ஆர்ம் பெரும்பாலும் நைலானில் ஆனது. உலர்ந்த நைலானின் மீள்தன்மைக் குணகம், அதாவது பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு, சுமார் 3 கிகாபாஸ்கல். அலுமினியத்தின் குணகம் 69. ஒரே வடிவத்தில் இரண்டையும் செய்தால் அலுமினிய ஆர்ம் இருபது மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கும். வேறெதுவும் வளையவில்லை என்று வைத்துக்கொண்டால், அடியின் உச்சம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிப் பின்னால் இருக்கும் உறுப்புகளைத் தாக்கும். டயர், அதனுள் இருக்கும் ஸ்பாஞ்சு, பின்னின் தளர்வு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் நடைமுறையில் இந்த எண் குறையும் என்றாலும், அடி போகும் திசை மாறாது. கல் நிறைந்த நிலத்தை உழும் டிராக்டர் கலப்பையில் ஒவ்வொரு கொழுவுக்கும் ஸ்பிரிங் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கொழு விலகிக் கொடுத்துவிடுவதால் கலப்பையின் சட்டம் தப்புகிறது.

ஆகவே புதிய ஆர்மைத் தேடுவதற்கு முன் ஒடிந்த துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. எங்கே ஒடிந்தது, முறிந்த முகம் எப்படி இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து அடுத்து என்ன வாங்க வேண்டும் என்பதைப் பெருமளவு முடிவு செய்துவிடும்.

வெளிமுனைக்கு அருகில் நார் நாராகப் பிய்ந்து, முறிவின் ஓரம் வெளுத்துப் போயிருந்தால், நைலான் தன் வேலையை முழுமையாகச் செய்திருக்கிறது என்று பொருள். கறுப்பு நைலானில் தெரியும் அந்த வெளுப்பு, பொருள் நன்றாக இழுபட்டு, ஆற்றலை விழுங்கிய பிறகே கிழிந்ததற்கான அடையாளம். அப்படியானால் அதே ஆர்மை மீண்டும் வாங்குவதே அறிவுடைமை. வேண்டுமானால் இரண்டாக வாங்கி ஒன்றைப் பெட்டியில் போட்டுவைக்கலாம்.

உள்முனையில், ஹிஞ்ச் பின் துளையை ஒட்டி, கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் பிளந்திருந்தால் காரணம் வேறு. இந்த ஆர்ம்கள் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் உருவாகின்றன. துளை வர வேண்டிய இடத்தில் அச்சுக்குள் ஓர் எஃகுத் தண்டு நிற்கும். உருகிய பிளாஸ்டிக் அதன் இருபுறமும் பிரிந்து ஓடி, மறுபக்கம் மீண்டும் சந்தித்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஓட்டங்களும் அதற்குள் சற்றே ஆறிவிட்டிருந்தால் ஒட்டு முழுமை அடையாது. ஓசூரின் மோல்டிங் பட்டறைகளில் வெல்டு லைன் என்று சொல்லப்படும் இந்தத் தையல், கண்ணாடி இழை கலந்த நைலானில் இன்னும் பலவீனமானது. ஏனென்றால் இழைகள் தையலின் ஊடாகப் பாலம் போடாமல், பெரும்பாலும் அதன் போக்கிலேயே படுத்துவிடுகின்றன. அங்கே பிளக்கும் ஆர்முக்கு, துளையைச் சுற்றிச் சதை அதிகமாக வார்க்கப்பட்ட வேறு தயாரிப்பு நல்ல மாற்று. பழைய ஹிஞ்ச் பின்னையும் கழற்றிக் கண்ணாடிப் பலகை மீது உருட்டிப் பார்க்க வேண்டும். உருளும்போது நடுவில் வெளிச்சம் தோன்றித் தோன்றி மறைந்தால் பின் வளைந்திருக்கிறது. வளைந்த பின்னில் புது ஆர்மைப் போட்டால், கார் சும்மா நிற்கும்போதே துளையின் சுவரில் அழுத்தம் ஏறியிருக்கும்.

ஷாக் பூட்டும் துளையில் விரிசல் தொடங்கியிருந்தால் ஆர்மை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் விளிம்பில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) மூன்று மடங்காகும் என்பது 1898-லேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டியது. ஸ்குரூவை அளவுக்கு மீறி முறுக்கினால் அந்த விளிம்பு முன்கூட்டியே இழுபட்டு நிற்கும். குதித்து இறங்கும்போது ஷாக் முழுக்க அமுங்கி முட்டிக்கொள்ளும் வண்டிகளில்தான் இந்த முறிவு அதிகம். அங்கே மாற்ற வேண்டியது முதலில் ஸ்பிரிங்கும் எண்ணெயும்.

இனி முறிவின் முகம் வெளுப்பே இல்லாமல் கண்ணாடிச் சில்லுபோலப் பளபளத்தால், பொருள் நொறுங்கியிருக்கிறது. நைலான் நொறுங்குவதற்கு மூன்று காரணங்கள் பொதுவானவை: குளிர், நெடுநாள் வெயிலின் புறஊதாக் கதிர், வறட்சி. மூன்றாவது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான் 66, அதன் உறவான நைலான் 6 ஆகிய இரண்டும் தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக்குகள். அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இடையிடையே உள்ள அமைடு தொகுதிகளால் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் பிடித்துக்கொண்டிருக்கும். நீர் மூலக்கூறு உள்ளே நுழைந்ததும் அந்தத் தொகுதிகள் நீருடன் பிணைந்துகொள்ள, சங்கிலிகள் ஒன்றன்மீது ஒன்று நழுவத் தொடங்குகின்றன. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது நைலான் தன் எடையில் சுமார் 2.5 விழுக்காடு நீரை ஏற்றுச் சமநிலை அடைகிறது. அந்நிலையில் அதன் விறைப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது, அடி தாங்கும் திறன் ஏறுகிறது.

மோல்டிங்குக்கு முன் நைலான் குருணையை நன்றாக உலர்த்தியே இயந்திரத்தில் இடுவார்கள். அச்சிலிருந்து வெளிவந்து, உடனே நெகிழிப் பையில் அடைபட்டு வரும் புது ஆர்ம் பெரும்பாலும் வறண்ட நிலையிலேயே கைக்கு வருகிறது. பங்குனி, சித்திரையில் தருமபுரியின் நண்பகல் காற்று அதற்கு ஈரத்தை எளிதில் தந்துவிடாது. ஓசூரில் மார்கழி மாதத்துக் காலைக் குளிரில் அதே வறண்ட ஆர்மை ஓட்டத்துக்கு விட்டால் நொறுங்கும் வாய்ப்பு இன்னும் கூடும். புது ஆர்மைக் கொதிநீரில் அரை மணி நேரம் போட்டு எடுக்கும் பழக்கம் ஆர்.சி. பந்தயக்காரர்களிடம் நெடுங்காலமாக இருப்பதற்கு இதுவே அறிவியல் காரணம். நைலான் 6 உருகச் சுமார் 220 டிகிரி, நைலான் 66 உருகச் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால் கொதிநீர் அதை உருக்காது; ஆனால் சூடாக இருக்கும்போது வளையக்கூடும் என்பதால் சமதளத்தில் வைத்து ஆறவிட வேண்டும். நீர் ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: தடிமன் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. எனவே அரை மணி நேரக் கொதி மெல்லிய விலாக்களை நனைக்கும். தடித்த உள்முனையின் மையத்தை எட்டாது. அவசரம் இல்லையென்றால், கொதிக்க வைத்த பிறகு ஆர்மை ஈரத்துணியுடன் மூடிய டப்பாவில் சில வாரங்கள் வைப்பது மேல். அசெட்டால், ஏபிஎஸ் போன்ற வேறு பிளாஸ்டிக்குகளில் செய்த உறுப்புகளுக்கு இந்த வைத்தியம் பயன்படாது. அவை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றன.

கண்ணாடி இழை 30 விழுக்காடு கலந்த நைலான், வெறும் நைலானைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது. மேடுபள்ளமில்லாத பந்தயத் தளத்தில், வளைவில் சக்கரத்தின் கோணம் மாறாமல் பிடித்துவைக்க அது உதவும். ஆனால் முறிவதற்கு முன் அது நீளும் அளவு மிகக் குறைவு. கல்லும் செம்மண்ணும் கலந்த நிலத்துக்கு நான் அதை வாங்க மாட்டேன்.

அலுமினியத்தின் கதை சற்று வேறு. 6061-டி6 கலவை சுமார் 275 மெகாபாஸ்கல் தகைவிலும், 7075-டி6 ஏறத்தாழ 500 மெகாபாஸ்கலிலும் நிரந்தரமாக வளையத் தொடங்கும். கலவையின் பெயரே எழுதாத ஆர்ம் எங்கே நிற்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. அலுமினிய ஆர்ம் ஒடிவதைவிட, கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிற்பதே அதிகம்; கார் ஒரு பக்கமாக இழுக்கும்போதுதான் அது வெளிப்படும். டபிள்யூஎல்டாய்ஸ் 144001 போன்ற, சேஸிஸே உலோகமாக உள்ள சிறிய கார்களில் ஆர்மையும் உலோகமாக்கினால், வளைந்து கொடுக்க வண்டியில் மிச்சமிருப்பது டயரும் ஹிஞ்ச் பின்னும்தான். மெதுவாகப் பாறை ஏறும் கிராலருக்கு உலோக ஆர்ம் பொருந்தும், அங்கே வேகம் இல்லை, கீழே எடை இருப்பதும் நல்லது. வேகமாக ஓடும் காரில் உலோகத்தை ஸ்டீயரிங் பெல்கிராங்க் (சக்கரங்களைத் திருப்பும் நெம்புகோல்) போன்ற குட்டையான உறுப்புகளோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

பொருளை முடிவு செய்தபின் அளவுகள். வேறு தயாரிப்பின் ஆர்ம் பொருந்தும் என்று உறையில் எழுதியிருந்தாலும் வெர்னியர் காலிபரை எடுத்துவிட வேண்டும். முக்கியமானது, ஹிஞ்ச் பின்னிலிருந்து ஷாக் துளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. சக்கரம் உணரும் ஸ்பிரிங் விறைப்பு, அந்தத் தூரத்துக்கும் ஆர்மின் முழு நீளத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமாக மாறுகிறது. 90 மில்லிமீட்டர் ஆர்மில் துளை 60-இல் இருந்தால், ஷாக் நிமிர்ந்து நிற்பதாகக் கொண்டு, ஸ்பிரிங் விறைப்பில் 44 விழுக்காடு சக்கரத்தை எட்டும். அதே துளை 70-இல் இருந்தால் 60 விழுக்காடு. பத்து மில்லிமீட்டர் நகர்வில் சஸ்பென்ஷன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுகிவிடுகிறது. வலதிலும் இடதிலும் வேறு வேறு தயாரிப்பைப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

ஆர்மின் நீளம் கூடினால் சக்கரம் வெளியே தள்ளப்படும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் பழைய நீளத்திலேயே இருந்தால், சக்கரம் கீழே தொங்கும் நிலையில் அது தன் முனை அமரும் கப்பிலிருந்து கழன்று விழும். குறைந்தால் ஷாஃப்ட் முட்டி, பேரிங்கை அரைக்கும். அகலமாக்கும் ஆர்ம்களை நீளமான ஷாஃப்ட்டுடன் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

வீட்டு 3டி பிரிண்டரில் ஆர்ம் செய்வோருக்கு இரண்டு சொற்கள். அடுக்குகளுக்கு இடையிலான ஒட்டே பலவீனமான இடம் என்பதால் ஆர்மைப் படுக்கவைத்து அச்சிட வேண்டும். வீட்டு பிரிண்டர்களில் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகிவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வாகனத்துக்குள் வைத்த கார், மாலையில் சக்கரங்களை அகட்டிக்கொண்டு கிடக்கும்.

பொருத்தும்போது ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆர்மை உயர்த்தி விட வேண்டும். அது தன் எடையாலேயே தடையின்றி விழ வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடக்கவும் கூடாது. நைலான் நீர் குடித்துச் சற்றே உப்பும் என்பதால், இந்தச் சோதனையைக் கொதிநீர்க் குளியலுக்குப் பிறகு செய்வதே சரி. இறுக்கமாக இருந்தால் பின்னை உப்புத்தாளில் தேய்க்கக் கூடாது, துளையைத்தான் சரிசெய்ய வேண்டும்: 3 மில்லிமீட்டர் பின்னுக்கு அதே அளவு ரீமரை (துளையைச் சீவிச் சரியாக்கும் கருவி) கையால் மெதுவாகச் சுற்றினால் போதும், எந்த லேத் பட்டறையிலும் ஐந்து நிமிட வேலை அது. டிரில் பிட்டை மோட்டாரில் மாட்டி ஓட்டினால் சூட்டில் நைலான் உருகித் துளை கோணிவிடும். சில தயாரிப்புகளில் இடது, வலது ஆர்ம்களுக்கு எழுத்து அடையாளம் அடிப்பக்கத்தில்தான் வார்க்கப்பட்டிருக்கும். பூட்டுவதற்கு முன் திருப்பிப் பார்த்துக்கொண்டால், ஷாக் துளை பின்பக்கம் போய்விட்டதே என்று மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிராது.