கண்ணு பிரஷருக்கு மூலிகை கேப்சூல் போதுமாங்க டாக்டர்?

செவ்வாய்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறையில 30 வருசமா வேல பாக்குற ஒரு அண்ணன் போன வாரம் ஓபிக்கு வந்தாரு, வந்ததும் மஞ்சப்பையில இருந்து ஒரு டப்பாவ எடுத்து டேபிள் மேல வெச்சாரு. ஜிங்கோங்கற மரத்தோட இலையில இருந்து எடுத்த கேப்சூல். மச்சான் ஆன்லைன்ல போட்டுக் குடுத்தாராம். "சொட்டு மருந்த நிறுத்தி நாலு மாசம் ஆச்சுங்க, இப்ப பளிச்சுனு தெரியுது"ன்னாரு.

பிரஷர் பாத்தா வலது 28, இடது 30. சொட்டு போட்டுட்டு இருந்தப்ப 16, 17ல நின்ன கண்ணுங்க அது. (சாதாரணமா 10ல இருந்து 21க்குள்ள இருக்கும், கைல கட்டிப் பாக்குற பிபி வேற, இது வேற.)

பளிச்சுனு தெரியுதுன்னு அவர் சொன்னது பொய் இல்ல, சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சாரு. அவருக்கு இருக்குறது கிளாக்கோமா, பெரும்பாலும் கண்ணு பிரஷர் ஏறி பார்வை நரம்பு கெடுற நோய். அதோட வில்லங்கமே அதுதான், பார்வைய ஓரத்துல இருந்து தின்னுகிட்டே வரும், நடுப்பார்வைய கடைசியாத்தான் தொடும், பெரும்பாலும் வலியும் கிடையாது, அதனால மருந்து கேக்குதா இல்லையான்னு நம்மளால உணரவே முடியாது. அவரோட வலது கண்ண மூடச் சொல்லிட்டு, மூக்குப் பக்கமா மேல இருந்து ஒரு விரல ஆட்டிக்கிட்டே கொண்டு வந்தேன். எனக்கு எப்பவோ தெரிஞ்சிருச்சு. அவருக்குப் பாதி தூரம் வந்தப்புறந்தான் "ஆங், தெரியுது". கூட வந்த வீட்டம்மா ஒண்ணும் பேசல.

மூலிகைன்னா எனக்கு ஆகாதுன்னு நெனச்சுக்காதீங்க. பைலோகார்பின்னு ஒரு சொட்டு, தென் அமெரிக்கச் செடி இலையில இருந்து வந்தது, 1870கள்லயே கிளாக்கோமாவுக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா இலையில இருந்து மருந்த மட்டும் பிரிச்சு, அளவு கட்டி, பிரஷர் எறங்குதான்னு அளந்து பாத்துப் போட்டது. ஜிங்கோ கத அப்படி இல்ல. கிளாக்கோமாவுலயே பிரஷர் ஏறாம நரம்பு கெடுற ஒரு வகை இருக்கு, அதுல 2003ல 27 பேர வெச்சுப் பண்ண சின்ன ஆய்வுல பார்வைப் பரப்பு கொஞ்சம் தேவலாம்னு வந்துச்சு, 2014ல வந்த இன்னொரு ஆய்வுல அந்தப் பலன் காணோம். அத நம்பி சொட்ட நிறுத்துறது எப்படிங்க?

இன்னொண்ணு, இவரு ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் சாப்பிடுறவரு. ஜிங்கோவும் சேந்தா ரத்தக்கசிவு வர வாய்ப்பு இருக்கு, டப்பாவுல அது ஒரு வார்த்தை கூட இல்ல. ஏற்காட்டுல இருந்து வர்றவங்க சில பேரு மலைத்தேன கண்ணுல விட்டுட்டு வருவாங்க, நந்தியாவட்டைப் பூச்சாறும் உண்டு, பிரஷர் எறங்குறது இருக்கட்டும், கருவிழியில புண்ணு வந்தா யார் பாக்குறது.

ஏன் நிறுத்தினீங்கன்னு நோண்டிக் கேட்டா, சொட்டு போட்டா எரியுதாம், கண்ணு செவந்து பட்டறையில எல்லாரும் "நைட்டு எங்க போனீங்க"ன்னு கேலியாம். இத அப்பவே சொல்லியிருந்தா வேற சொட்டு எழுதியிருப்பேன், இப்ப எழுதிக் குடுத்தாச்சு. போட்டதும் கண்ண மூடி மூக்கோரத்துல ரெண்டு நிமிசம் அமுக்கிப் புடிக்கச் சொல்லியிருக்கேன்.

"இதுல இன்னும் 40 கேப்சூல் கெடக்குதுங்களே"ன்னாரு. இங்கயே வெச்சுட்டுப் போங்கன்னேன். வெக்கல, மஞ்சப்பையிலயே போட்டுக்கிட்டாரு. 3 வாரத்துல வரச் சொல்லியிருக்கேன்.