ஒழுங்குப் பிரச்சினையா, ஒழுங்கு வினாவா?

இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள மாங்குளத்தில் ஒரு தேநீர்க் கடையில் வானொலிச் செய்தி போய்க்கொண்டிருந்தது. வீதித் திருத்தத்துக்குச் செலவான தொகை பற்றிய வாய்மூல வினாவுக்குப் பாராளுமன்றத்தில் அமைச்சர் விடையளித்துக்கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார் என்று வாசித்தார்கள். பக்கத்து வாங்கில் இருந்த முதியவர் என்னைப் பார்த்து, "தம்பி, அந்த எம்பி என்ன குழப்படி செய்தவர்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை இதற்கு முன்பும் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். பிழை கேட்பவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது.

சபை அலுவல் நிலையியற் கட்டளைகளுக்கு, அதாவது சபையின் நடைமுறை விதிகளுக்கு, அமைய நடக்கவில்லை என்று கருதும் உறுப்பினர், எழுந்து நின்று சபாநாயகரின் தீர்ப்பைக் கேட்பதையே ஆங்கிலத்தில் 'பொயின்ற் ஒவ் ஓடர்' என்கிறார்கள். அதைத்தான் தமிழில் 'ஒழுங்குப் பிரச்சினை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்தச் செயல் குழப்பம் விளைவிப்பதன்று, முறை கேட்பது. 'ஒழுங்கு' என்பது ஒழுகு என்னும் அடியிலிருந்து வந்து, வரிசை, முறை என்ற பொருள்களைத் தருவது. நாம் நடந்து போகும் சிறு பாதையைக் குறிக்கும் 'ஒழுங்கை'யும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். 'பிரச்சினை' வடமொழிப் 'பிரஸ்ன' என்பதன் தமிழ் வடிவம். அங்கே அதன் பொருள் கேள்வி.

இந்தச் சொற்பிறப்பையே காட்டி, பழைய மொழிபெயர்ப்புச் சரியானதுதான் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். சோதிடர் பார்க்கும் பிரசன்னத்தில் கேள்வி என்ற பொருள் இன்னும் இருக்கிறதே என்பார்கள். சிங்களத்திலும் இதை 'ரீதி ப்ரஷ்னய' என்றுதானே சொல்கிறார்கள் என்றும் கேட்பார்கள். சிங்களத்தில் அந்தச் சொல் கேள்வியையும் சிக்கலையும் ஒருங்கே குறிக்கிறது. ஆகவே அங்கே இடறல் இல்லை. தமிழில் கேள்வி என்ற பொருள் அதிலிருந்து எப்போதோ கழன்றுவிட்டது. 'எனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது' என்று சொன்னால் எவரும் விடை சொல்ல முன்வருவதில்லை, என்ன நடந்தது என்றுதான் பதறுவார்கள். வன்னியிலோ பிரச்சினைக் காலம் என்றால் போர்க்காலம்; 'பிரச்சினைக்கு முதல் கட்டின வீடு' என்று சொன்னால் எந்தப் பிரச்சினை என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட பாரத்தைச் சுமக்கும் சொல்லை ஒழுங்கோடு சேர்த்தால், முறை என்ற பொருள் ஒதுங்கிப்போய், ஒழுக்கக்கேடு என்ற பொருளே முன்னுக்கு வரும். வேர் எதுவாயிருந்தாலும், இன்று கேட்பவருடைய காதில் விழும் பொருளுக்கே மொழிபெயர்ப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். 'ஒழுங்குப் புள்ளி' என்று எழுதுவதையும் கண்டிருக்கிறேன். 'பொயின்ற்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்ட அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

'ஒழுங்கு வினா' என்பதே என் தெரிவு. ஒழுங்குப் பத்திரம் என்ற தொடரில் சபை அலுவலின் வரிசையை எவ்வளவு தெளிவாகக் குறிக்கிறதோ, அவ்வளவு தெளிவாக ஒழுங்கு என்ற சொல் இங்கேயும் பொருந்தும். அமைச்சர்களிடம் கேட்கும் வினாக்களோடு இது குழம்பிவிடாதா என்பது நியாயமான தடை. ஆனால் அவை அமைச்சரை நோக்கியவை, இது சபாநாயகரை நோக்கியது. முன்னுள்ள 'ஒழுங்கு' என்ற அடை அந்த வேறுபாட்டைத் தாங்கும்.

நல்ல ஆக்கங்கள் நமக்குப் புதியவை அல்ல. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம் போதாதபோது கொண்டுவருவதைக் 'குறைநிரப்பு மதிப்பீடு' என்கிறோம். படிக்காதவருக்கும் அது விளங்குகிறது. அத்தகைய சொற்களைக் கையில் வைத்துக்கொண்டே செய்தி எழுதுவோர், ஒதுக்கிய தொகையைச் செலவிட்ட தொகையாக எழுதிவிடுகிறார்கள். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 148 ஆம் உறுப்புரையில், அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதை மாங்குளத்தில் இருப்பவர் அறிந்துகொள்வது இந்தச் செய்திகளின் வழியாகத்தான்.

"உறுப்பினர் ஒழுங்கு வினா எழுப்பினார், சபாநாயகர் அதனை நிராகரித்தார், அமைச்சர் செலவு விவரத்தைத் தொடர்ந்து வாசித்தார்" என்று அன்று சொல்லியிருந்தால், அந்த முதியவர் என்னிடம் வீதிக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டிருப்பார்.