தொழில்முனைவோர்: சொல்லும் பொருளும்

பிரெஞ்சு மொழியில் 'ஆந்த்ரப்ராந்த்ர்' என்றால் ஒரு வேலையைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளுதல். அதிலிருந்து வந்ததுதான் 'ஆந்த்ரப்ரனர்'; அதைத்தான் தமிழில் 'தொழில்முனைவோர்' என்கிறோம். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு 'அண்டர்டேக்கர்' என்ற சொல் இருந்தது. அது நாளடைவில் ஈமக்கிரியை ஏற்பாடு செய்பவரை மட்டும் குறிப்பதாகச் சுருங்கிவிட, ஆங்கிலத்திலும் பிரெஞ்சுச் சொல்லே தங்கிவிட்டது.

பொருளியலில் இதற்கு முதலில் தெளிவான பொருள் தந்தவர் ரிச்சர்ட் கான்டிலன். அவர் இறந்த பிறகு 1755இல் அச்சான கட்டுரையில், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவர் எல்லோரையும் இந்தப் பெயரில் அடக்கினார். குத்தகையைப் பேசி முடித்துவிட்டு, விளைச்சலின் விலைக்குக் காத்திருக்கும் உழவர் அதில் உண்டு. பிச்சைக்காரரும் திருடரும்கூட உண்டு! நாளைய வருமானம் இன்றைக்குத் தெரியாது என்பதே அவருடைய அளவுகோல். 1911இல் பொருளியல் அறிஞர் ஜோசப் சும்பீட்டர் சொல்லின் பொருளை இறுக்கினார்: புதிய பண்டம், புதிய செய்முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் வழி, புதிய அமைப்புமுறை ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டுவருபவரே அவர். அமைந்த தொழிலை அப்படியே நடத்தத் தொடங்கியதும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போய்விடும்.

தமிழில் 'முனைதல்' என்றால் முற்படுதல், ஊக்கத்தோடு ஈடுபடுதல். 'முனை' போர்முனையையும் குறிக்கும். ஆகவே இடர் எதிர்ப்பட்டாலும் முன்செல்பவர் என்ற குறிப்பு சொல்லிலேயே இருக்கிறது, நல்ல ஆக்கம். 'முதலாளி' முதலை, அதாவது மூலதனத்தை, ஆள்பவர். முதல் இல்லாமலும் முனையலாம். 'தொழிலதிபர்' நிலைபெற்ற தொழிலுக்கு உரிமையாளர். எனவே இரண்டும் இதற்கு ஈடாகா.

எழுதும்போது இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. தொழிற்சாலை, தொழிற்கல்வி போல வல்லினம் வந்தால்தான் 'தொழிற்' ஆகும். மகரத்தின் முன் 'தொழிற்முனைவோர்' என்பது தவறு. பழைய புணர்ச்சிப்படி 'தொழின்முனைவோர்' என வரவேண்டும், ஆனால் வழக்கில் பிரித்தறிய எளிதான 'தொழில்முனைவோர்' நின்றுவிட்டது. அடுத்தது, '-ஓர்' பலரைக் குறிக்கும் ஈறு. ஒருவரைச் சொல்ல 'தொழில்முனைவர்' போதும், செயலைச் சொல்லத் 'தொழில்முனைவு'. சுருக்கமாக 'முனைவர்' என்றால் ஆய்வுப்பட்டம் பெற்றவர் ஆகிவிடுவார்.

வேலையின்மைக்கு மருந்தாக இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போதுதான் குழப்பம் வருகிறது. வேறு வேலை கிடைக்காமல் தையல் இயந்திரம் வாங்கி உட்காருவது சுயதொழில். அதுவும் மதிப்புக்குரியதுதான்; ஆனால் ஒருவருக்குத்தான் பிழைப்பு. பிறருக்கும் வேலை தரும் அளவுக்கு வளரக்கூடிய முயற்சிக்கு வேறு உதவி வேண்டும். இருவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே கடன் என்று போனால் இரண்டு பக்கமும் நட்டம். ஒரே ஊரில் முப்பது பேருக்கு ஒரே தையல் பயிற்சி கொடுத்தால், வாடிக்கையாளர் கூடமாட்டார்கள். ஏற்கெனவே தைத்துக்கொண்டிருந்தவரின் வேலைதான் கைமாறும்.

பணத்தில் அடிக்கடி தவறுவது எங்கே என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். பொருளின் விலை 100; ஒவ்வொன்றுக்கும் மூலப்பொருளும் கூலியும் 60. மிஞ்சுவது 40. வாடகை, மின்சாரம், தொடங்கியவரின் சொந்தச் சம்பளம் சேர்த்து மாதம் 20,000 என்றால், 500 விற்றால்தான் கையைக் கடிக்காது. போட்டிக்குப் பயந்து விலையை 90 ஆக்கினால் மிஞ்சுவது 30. இப்போது 667 விற்கவேண்டும். பத்து விழுக்காடு தள்ளுபடிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விற்பனை! சொந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் 'லாபம் வருகிறது' என்று நம்பிவிடுவதும் உண்டு.

லாபம் இருந்தும் மூடுவதற்கு ஒரு காரணம் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவுக்கான கைப்பணம், போதாமல் போவது. செய்து முடிக்க 10 நாள், விற்ற பணம் வந்துசேர 45 நாள் என்றால் 55 நாள் செலவைக் கையில் வைத்திருக்கவேண்டும். மேற்சொன்ன கணக்கில் 500 பொருளுக்கு மூலப்பொருளும் கூலியும் 30,000, மற்றச் செலவு 20,000, ஆக மாதச் செலவு 50,000. 55 நாளுக்கு ஏறத்தாழ 92,000. கடன் முழுவதையும் இயந்திரத்துக்கே போட்டவருக்கு இரண்டாம் மாதமே மூலப்பொருள் வாங்கப் பணம் இருக்காது. முதல் தவணை, முதல் வசூலுக்குப் பின்னால் விழும்படி கடன் அமையவேண்டும். விற்பனைக்கு முன் பத்து வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. 'நன்றாக இருக்கிறது' என்று பாராட்டுபவர் பலர், பணம் எடுத்து வைப்பவர் சிலர்தான்.

மானியம் உதவுமா? வடக்கு உகாண்டாவில் 2008இல் இளைஞர் குழுக்களுக்குத் தொழிற்பயிற்சிக்கும் தொழில் தொடங்கவும் பணம் கொடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 38 விழுக்காடு கூடியிருந்தது. ஒன்பது ஆண்டில் பெறாதவர்களும் வருமானத்தில் அவர்களை எட்டிவிட்டார்கள். பணம் தொடக்கத்தை முன்னுக்கு இழுக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஊரில் வாங்கும் சக்தி எவ்வளவோ அவ்வளவுதான் தொழிலும் வளரும். சந்தையே சுருங்கிக் கிடக்கும் இடத்தில் 'நீயே தொழில் தொடங்கு' என்று இளைஞரிடம் சொல்வது, வேலையின்மையின் இடரை அவர் பெயருக்கு மாற்றி எழுதுவதாகவே முடியும்.