டிவெர்டிஸ்மான்னா "இடைவேளை நடனம்" இல்லைங்க

பிரெஞ்சு ஓபரா, அதாவது பாட்டாவே நடக்குற நாடகம், அதைப் பத்தின ஒரு கட்டுரைல டிவெர்டிஸ்மான்ங்கிற பிரெஞ்சு சொல்லுக்குத் திரும்பவும் அதே "இடைவேளை நடனம்"னு மொழிபெயர்ப்பு. இதோட எத்தனாவது தடவைன்னு எண்ணவே விட்டுட்டேன். டிவெர்டிஸ்மான் வந்தது டிவெர்டீர்ங்கிற வினைலேர்ந்து, லத்தீன் மூலத்துல திசை திருப்புறதுன்னு அர்த்தம், அப்புறம் மனசைத் திருப்பி மகிழ்விக்கிறதுன்னு ஆச்சு. அவ்ளோதான் வேர்.

இடைவேளைன்னா நமக்கு என்ன? லைட் போட்டுருவான், எந்திரிச்சு வெளிய போய் டீ குடிப்போம், கதை அங்க நிக்கும். 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் லூலியோட ஓபராவுல அப்படி இல்லவே இல்ல. முன்னுரைக் காட்சி, அப்புறம் 5 அங்கம், ஒவ்வொரு அங்கத்துக்குள்ளயும் ஆட்டமும் கோரஸ் பாட்டும் சேந்த ஒரு பகுதி வரும், அதுதான் டிவெர்டிஸ்மான். 1676ல வந்த அவரோட அத்தீஸ் ஓபராவை எடுத்துக்கோங்க, 3ஆம் அங்கத்துல நாயகன் அத்தீஸ் தூங்குறான், நல்ல கனவுகளும் கெட்ட கனவுகளும் ஆடிப் பாடிகிட்டு வந்து சிபெல் தேவி உன்னை விரும்புறா, அவளை ஒதுக்குனா நாசமாப் போவேன்னு எச்சரிக்குது. அவனுக்கு விஷயம் தெரியறதே அங்கதான்! இதைப் போய் இடைவேளைன்னா அந்த நேரத்துல டீ குடிக்கப் போனவன் கதையையே விட்டுட்டான்னு அர்த்தம்.

"கேளிக்கை"ன்னு சிலர் எழுதுறாங்க, வேருக்குப் பொருந்தும், ஆனா வரி ஞாபகம்தான் வருது. "ஆடல்பாடல்"னா திருவிழா மேடை. என் கணக்குல கூத்துக்காட்சிதான் சரி, கூத்துங்கிற சொல்லுல ஆட்டம் பாட்டு கதை மூணும் ஏற்கெனவே இருக்கு, புதுசா எதையும் ஒட்ட வேண்டாம். அகராதில முதல்ல கெடைக்கிற அர்த்தத்தைப் போட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி அந்தக் காட்சியை ஒரு தடவை பாக்கணும்ங்க, இப்ப மொழிபெயர்க்கிற நெறைய பேர் அதைச் செய்யறதில்ல.

19ஆம் நூற்றாண்டு பாரிஸ் வேற கதை. ஜாக்கி கிளப்னு பணக்காரங்க சங்கம் ஒண்ணு, அந்த ஆளுங்க சாப்பிட்டுட்டு லேட்டா வருவாங்க, அவங்களுக்காகவே 2ஆம் அங்கத்துல பாலே வேணும். 1861ல ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன்னோட டான்ஹாய்சர் ஓபராவுல அதை முதல் அங்கத்துலயே வச்சாரு, விசிலடிச்சே கலாட்டா பண்ணாங்க, 3 தடவை மேடையேறினதோட வாக்னரே ஓபராவை வாபஸ் வாங்கிட்டாரு. அவங்க கேட்ட அந்த பாலேவுக்கு வேணா கேளிக்கைன்னு போட்டுக்கோங்க, லூலிக்குப் போடாதீங்க.