புகை மேலே போகாத இடங்கள்

தீ பாதுகாப்பு வேலையில் இருக்கும் எங்களுக்கு எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் தொடங்குகிறது: புகை மேலே போகும். அதை நம்பித்தான் ஸ்மோக் டிடெக்டரைக் கூரையில் மாட்டுகிறோம். ஆனால் அதை மேலே அனுப்புவது ஈர்ப்பு விசை. சூடான காற்று லேசாகிறது. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த, கனமான காற்று கீழே இறங்கி அதை மேலே தள்ளுகிறது. ஈர்ப்பின் பாதிப்பு இல்லாத இடத்தில் இந்தத் தள்ளலும் இல்லை. அங்கே தீயும் புகையில் வரும் கரியும் எப்படி நடந்துகொள்கின்றன என்று விண்வெளியில் எரித்தே பார்த்திருக்கிறார்கள். சர்வர் ரூம் கட்டுகிறவர்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மெழுகுவர்த்திச் சுடரின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமே கரிதான். மெழுகின் ஆவி, ஆக்ஸிஜன் எட்டாத சூட்டில் சிதைகிறது. சிதைந்த துண்டுகள் கார்பன் வளையங்களாகக் கூடி, சில நானோமீட்டர் அளவுத் துகள்களாகின்றன. அவை பெருத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சங்கிலிகளாகின்றன. சூட்டில் இந்தத் துகள்கள் ஒளிர்வதைத்தான் மஞ்சளாகப் பார்க்கிறோம். சுடரின் வெளி ஓரத்தில் ஆக்ஸிஜன் கிடைத்ததும் அவை எரிந்து தீரும். தீராமல் தப்பியதுதான் சுவரில் படியும் கரி.

1992-ல் அமெரிக்க விண்ணோடத்திலும் 1996-ல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் மஞ்சள் தெரிந்தது; அப்புறம் சுடர் உருண்டு, மங்கலான நீலமாகிவிட்டது. காற்று ஓடி வராததால் ஆக்ஸிஜன் மெதுவாகப் பரவித்தான் வந்து சேர வேண்டும். எரிதல் மந்தமாகிறது, சூடு குறைகிறது, கரி பிறப்பதில்லை. இதை மட்டும் படித்துவிட்டு விண்வெளித் தீ சுத்தமானது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு.

1997-ல் நடந்த விண்ணோடப் பயணங்களிலும், 2003-ல் கொலம்பியா விண்ணோடத்தின் கடைசிப் பயணத்திலும் எத்திலீன், புரொப்பேன் வாயுக்களைக் குழாய் வழியே விட்டு எரித்தார்கள். அங்கே நேர் எதிராக நடந்தது. மேலே இழுத்துச் செல்லும் ஓட்டம் இல்லாததால் துகள்கள் சூட்டிலேயே நெடுநேரம் தங்கிப் பெருத்தன. பெருகிய கரி, வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே கொட்டியது. சுடரின் நுனி குளிர்ந்து, எரியாத கரி அந்த வழியே வெளியேறியது. ஆக, துகள் சுடருக்குள் தங்கும் காலமும் சுடரின் சூடும் போட்டி போடுகின்றன. எது ஜெயிக்கும் என்பது எரிபொருளையும் அது வந்து சேரும் வேகத்தையும் பொறுத்தது.

டிடெக்டருக்கு இது ஏன் முக்கியம்? காற்றில் ஓடும் சிறு மின்னோட்டம் புகையால் குறைவதைக் கவனிக்கும் அயனியாக்க வகை, சின்னத் துகள்களுக்கு நன்றாக விழித்துக்கொள்ளும். துகளில் பட்டுச் சிதறும் ஒளியைக் கவனிக்கும் ஒளிச்சிதறல் வகைக்குப் பெரிய துகள்கள் வேண்டும். விண்ணோடத்தில் முதல் வகையும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இரண்டாம் வகையும் வைத்தார்கள். எந்தப் பொருள், எந்த நிலையில், எந்த அளவுத் துகளைத் தருகிறது என்று தெரியாமல் டிடெக்டர் வாங்கினால், அது கூரையில் பச்சை விளக்கு காட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

1997 பிப்ரவரி 23 அன்று மிர் நிலையத்தில் ஆக்ஸிஜன் தரும் ரசாயனக் குப்பி ஒன்று தீப்பிடித்தது. உள்ளே ஆறு பேர். அடர்ந்த புகை நிலையம் முழுக்கப் பரவியது, எல்லாரும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். தப்பிக்க இருந்த இரண்டு சோயுஸ் கலங்களில் ஒன்றுக்குப் போகும் வழியைத் தீயே மறித்தது. புகைக்கு அங்கே மேல் கீழ் எதுவும் இல்லை. காற்று போகும் பக்கம் போகும். அதனால் சர்வதேச நிலையத்தில் தீ அலாரம் அடித்தவுடன் காற்றோட்டத்தை நிறுத்துகிறார்கள். புகை பரவுவது குறையும், தீக்கும் ஆக்ஸிஜன் வரத்து குறையும்.

சரி, நம் ஊர் அறைக்கு வருவோம். கேபிள் புகைந்து கருகும்போது வரும் புகையில் சூடு குறைவு. மேலே தூக்கும் வலு அதற்கு இல்லை, ஏசி காற்று சுலபமாக அடித்துச் சென்றுவிடும். சோதனைக்குப் புகைக்குச்சியைக் கேபிள் தட்டின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கோடாக எழும் புகை ஒரு முழம் ஏறியதும் மடங்கி, டிடெக்டரைத் தொடாமலே ஏசி காற்றை உள்ளிழுக்கும் ஜாலிக்குள் போய்விடும். கூரையில் இருப்பது எவ்வளவு விலை உயர்ந்த டிடெக்டராக இருந்தாலும் இதுதான் கதை. அந்த ஜாலியின் வாயிலும் ஒரு டிடெக்டர் வேண்டும். முடிந்தால், குழாய் வழியே காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் வகையாக இருக்கட்டும்.

ஒப்படைப்புச் சோதனையின்போது பல இடங்களில் ஏசியை அணைத்துவிட்டுப் புகை விடுகிறார்கள். அதை ஏற்காதீர்கள். ஏசி முழு வேகத்தில் ஓடும்போதே சோதிக்கச் சொல்லுங்கள். அலாரம் அடித்ததும் ஏசி தானாக நிற்கிறதா என்பதை அங்கேயே நின்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.